இல்லாத நாளுக்கு ஓர் எண்

பெட்டிக்குள் வந்த கணக்கு: அத்தியாயம் 11

உங்கள் கணினியில் எக்செல் இருந்தால், மேலே படிப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஏதாவது ஒரு காலிக் கட்டத்தில் 60 என்று தட்டி, அதைத் தேதியாகக் காட்டச் சொல்லுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். கொஞ்சமும் கூச்சமில்லாமல் வரும். அப்படி ஒரு நாள் உலகத்தில் விடியவே இல்லை.

நான்கால் வகுபட்டால் லீப் வருடம் என்று பள்ளியில் படித்தது பாதி விதிதான். 1582இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி திருத்திய நாட்காட்டியில் மீதிப் பாதி இருக்கிறது. நூறில் முடிகிற வருடம் 400ஆல் வகுபட்டால் மட்டுமே லீப். 1600 லீப், 1700, 1800, 1900 மூன்றும் இல்லை, 2000 மறுபடி லீப். ஆகவே 1900இல் பிப்ரவரி 28 தூங்கி எழுந்தால் மார்ச் 1. இது எக்செல்லை எழுதியவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் அந்தப் பொய் நாளை நாற்பது வருடமாகக் கட்டிக் காத்து வருகிறார்கள். (அதே கட்டத்தில் 0 என்று தட்டிப் பாருங்கள். 'ஜனவரி 0' வரும். அது தனிக் கதை.)

இந்தப் பொய் எங்கே பிறந்தது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதுதான் இந்த வாரம்.

சென்ற வாரம் ஆப்பிள் 2 கடைக்கு வந்ததோடு நிறுத்தியிருந்தோம். வாங்கியவர்களில் பலருக்கு அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாத காலம் அது. விளையாடலாம், பேசிக்கில் நிரல் எழுதிப் பழகலாம். அதற்கு மேல் சொல்லச் சொன்னால் விற்பவரே விழித்தார்.

1978. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் டான் பிரிக்ளின் என்றொரு மாணவர். அதற்கு முன் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் எழுத்து மென்பொருள் செய்துகொண்டிருந்தவர். வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் கட்டம் கட்டமாக எண்களை எழுதி உற்பத்திக் கணக்குப் போடுவார். நடுவில் ஓர் எண்ணை மாற்றினால், அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எண்களையெல்லாம் அழித்துவிட்டு வரிசையாக மறுபடி எழுத வேண்டும். ஒன்று தப்பினால் எல்லாம் தப்பு. நம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் பேரேட்டில் பென்சிலால் எழுதிப் பின்பு மை போட்ட காரணமும் இதுதான். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமாக மாறிக்கொள்ளும் பலகை ஒன்று இருந்தால் எப்படியிருக்கும் என்று பிரிக்ளின் யோசித்தார். முதலில் அவர் கனவில் வந்தது கொஞ்சம் ஆடம்பரமானது: அடியில் உருளும் பந்து பொருத்திய கால்குலேட்டர், போர் விமானியின் கண்ணெதிரே மிதப்பது போல எண்கள் மிதக்கும் திரை. கையில் கிடைத்தது இரவல் வாங்கிய ஆப்பிள் 2.

ஒரு வார இறுதியில் பேசிக்கில் மாதிரி ஒன்றை எழுதிப் பார்த்தார். கட்டத்துக்குக் கட்டம் நகர விளையாட்டுக் கைப்பிடியைத்தான் முதலில் பயன்படுத்தினார்; சரிப்படவில்லை. விசைப்பலகையில் அம்புக்குறிகள் இரண்டே இரண்டு, இடது, வலது. மேலும் கீழும் போக என்ன செய்வது? இடைவெளி விசையை ஒருமுறை தட்டினால் அதே இரண்டு அம்புகளும் மேல் கீழாக வேலை செய்யும், மறுபடி தட்டினால் பழையபடி இடம் வலம் என்று வைத்தார்கள். கட்டளை கொடுக்கச் சாய்கோட்டு விசை. எண்ணோ தலைப்போ சாய்கோட்டில் தொடங்குவது அபூர்வம். ஆகவே ஒரு கட்டத்தில் முதல் எழுத்தாகச் சாய்கோட்டைத் தட்டினால், ஆள் கட்டளை கேட்கிறார் என்று நிரல் புரிந்துகொள்ளும். இந்தச் சாய்கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழு நிரலையும் எழுதியவர் நண்பர் பாப் ஃபிராங்ஸ்டன். மாசசூசெட்ஸில் ஆர்லிங்டன் என்ற ஊரில் பரண் அறை ஒன்றில் உட்கார்ந்து, எம்ஐடியின் பெரிய கணினியைத் தொலைபேசிக் கம்பி வழியே வாடகைக்கு எடுத்து எழுதினார். பகலில் வாடகை அதிகம், இரவில் குறைவு. அதனால் உலகத்தின் முதல் மேசைக் கணினி விரிதாள் ராத்திரி வேலையாகவே உருவானது. விசிகால்க் என்று பெயர். நிரல் முடிவதற்கு முன்பே பிரிக்ளின் அதை வைத்து வகுப்பில் பெப்சி நிறுவனம் பற்றிய பாடம் ஒன்றுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டு போய் அசத்தினார் என்பது அவரே சொல்கிற கதை. எப்படிப் போட்டார் என்பதைப் பேராசிரியரிடம் சொல்லவில்லை.

1979 அக்டோபரில் கடைக்கு வந்தது. விலை சுமார் 100 டாலர். 63 பத்திகள், 254 வரிசைகள். முதல் ஒரு வருடம் ஆப்பிள் 2இல் மட்டுமே ஓடியது. ஓடியதன் விளைவு, 100 டாலர் மென்பொருளுக்காக அதைப்போல இருபது, முப்பது மடங்கு பணம் கொடுத்துக் கணினி வாங்கும் கூட்டம் ஒன்று உருவானது. கணக்காளர்களும் சிறு முதலாளிகளும் கடைக்குப் போய் 'விசிகால்க் ஓடும் பெட்டி ஒன்று கொடுங்கள்' என்று கேட்டார்கள். கணினி எதற்கு என்ற கேள்விக்கு முதல் உருப்படியான பதில் இதுதான் என்பது என் கட்சி. ஆப்பிளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வெளிப்பெட்டியின் அழகுக்குப் பத்துப் பக்கமும் விசிகால்க்குக்கு ஒரு பத்தியும் ஒதுக்குவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

பிரிக்ளினும் ஃபிராங்ஸ்டனும் காப்புரிமை வாங்கவில்லை. அன்றைய அமெரிக்காவில் மென்பொருளுக்குக் காப்புரிமை கிடைப்பது குதிரைக்கொம்பு என்று வழக்கறிஞர்கள் சொன்னார்கள். ஆகவே யார் வேண்டுமானாலும் விரிதாள் செய்யலாம். செய்தார்கள்.

அவர்களில் ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்தவர். மிட்ச் கேப்பர். வானொலியில் பாட்டுப் போட்டவர், மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானம் சொல்லிக் கொடுத்தவர், பின்பு விசிகால்க்கை விற்ற நிறுவனத்துக்காக வரைபட மென்பொருள் எழுதியவர். அந்த உரிமையை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு 1982இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். பத்மாசனத்தை நினைத்து வைத்த பெயர் லோட்டஸ். முதலீடு செய்தவர்களில் முக்கியமானவர் பென் ரோசன். மார்கன் ஸ்டான்லியில் ஆய்வாளராக இருந்தபோது விசிகால்க்கை ஊர் முழுக்கப் புகழ்ந்து எழுதியவர். புகழ்ந்தது ஒன்றை, பணம் போட்டது இன்னொன்றில். பங்குச் சந்தைக்காரர்களுக்கு இது சகஜம்.

1983 ஜனவரியில் லோட்டஸ் 1-2-3 வெளிவந்தது. விரிதாள், வரைபடம், தகவல் தொகுப்பு மூன்றும் ஒன்றில். விலை 495 டாலர். அந்த முதல் வருடமே வருமானம் 5.3 கோடி டாலர். அவர்கள் போட்ட திட்டக் கணக்கு இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. விரிதாள் விற்றவர்களின் சொந்த விரிதாளே இவ்வளவு தப்பியது என்பதைச் சிரிக்காமல் எழுத முடியவில்லை.

1-2-3இன் பலம் வேகம். ஜொனாதன் சாக்ஸ் அதை முழுக்க அசெம்பிளி மொழியில் எழுதினார். ஐபிஎம் பிசியின் திரை நினைவகத்தில், இடையில் யாரையும் கேட்காமல், நேராகக் கொண்டுபோய் எழுத்துகளைப் போடும். அதனால் ஐபிஎம்மைப் போலவே அச்சு அசலாக இருந்தால்தான் வேறு கம்பெனிப் பெட்டியில் அது ஓடும். காம்பேக் போன்ற நகல் பெட்டிகளுக்கு வாங்குபவர்கள் வைத்த பரீட்சையே லோட்டஸ் ஓடுகிறதா என்பதுதான். காம்பேக்கிலும் பென் ரோசன் பணம் போட்டிருந்தார்.

இப்போது அந்தப் பொய் நாளுக்கு வருகிறோம். 1-2-3 தேதியை ஒரு வரிசை எண்ணாக வைத்துக்கொண்டது. 1900 ஜனவரி 1 என்றால் 1, ஜனவரி 2 என்றால் 2. ஒரு தேதியிலிருந்து இன்னொன்றைக் கழித்தால் எத்தனை நாள் என்று உடனே வரும். வட்டிக் கணக்குக்கு இதைவிட வசதி இல்லை. இதில் லீப் வருடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். முழு விதியையும் எழுதினால் நாலால் வகுத்து, நூறால் வகுத்து, நானூறால் வகுத்துப் பார்க்க வேண்டும். நாலால் மட்டும் பார்ப்பதானால் வருட எண்ணின் கடைசி இரண்டு பிட்டுகள் பூஜ்யமா என்று ஒரு கண் பார்த்தால் போதும். 1901 தொடங்கி 2099 வரை இந்தக் குறுக்குவழி தப்பே செய்யாது. 2000 லீப் வருடமாக இருந்தது அதிர்ஷ்டம். மாட்டிக்கொள்வது 1900 ஒன்றுதான்.

அது மறதி என்பவர்கள் உண்டு, சிக்கனம் என்பவர்கள் உண்டு. நான் சிக்கனத்தின் பக்கம். ஒவ்வொரு பைட்டையும் எண்ணி எண்ணிச் செலவழித்த ஆள், 83 வருடம் பழைய ஒரு நாளுக்காக இடம் ஒதுக்கியிருக்க மாட்டார். 1900 பிப்ரவரியில் யாருக்குக் கடன் பாக்கி?

விசிகால்க்கின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதை எழுதியவர்களும் விற்றவர்களும் 1983இல் ஒருவர் மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டார்கள். சண்டை ஓய்வதற்குள் வாடிக்கையாளர்கள் லோட்டஸுக்குப் போய்விட்டார்கள். 1985இல் லோட்டஸ், எழுதியவர்களின் நிறுவனத்தை வாங்கி விசிகால்க்கை நிறுத்தியது.

லோட்டஸ் நம் ஊருக்கு வந்தது இதற்குப் பிறகுதான். எண்பதுகளின் கடைசியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் மாடியில் ஓர் அறையைத் தடுத்து, ஏசி போட்டு, வாசலில் 'செருப்பைக் கழற்றி வைக்கவும்' என்று எழுதி, கம்ப்யூட்டர் சென்டர் ஆயின. சொல்லிக் கொடுத்தவை டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ். நான்கையும் ஒரே மூச்சில் ஒரே படிப்பின் பெயரைப்போலச் சொல்வார்கள். லோட்டஸ் அசல் தட்டு இல்லாமல் ஓடாதபடி பூட்டுப் போட்டு விற்றது. அந்தப் பூட்டுகள் இங்கே எத்தனை நாள் தாங்கின என்பதை அந்தக் காலத்து மாணவர்களைக் கேட்டால் கண்ணடிப்பார்கள். 495 டாலர் என்பது அன்றைக்கு இங்கே ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளம்.

மைக்ரோசாஃப்ட் எக்செல் 1985இல் வந்தபோது மெக்கின்டோஷில் மட்டும் வந்தது. மெக் கடிகாரம் 1904 ஜனவரி 1இலிருந்து நேரத்தை எண்ணியது. அங்கிருந்து தொடங்கினால் 1900 என்ற முள்ளை மிதிக்கவே வேண்டாம். எக்செல்லும் அப்படியே எண்ணியது. சுத்தமான ஏற்பாடு. ஆனால் 1987இல் விண்டோஸுக்கு வந்தபோது எக்செல் பிடிக்க வேண்டியிருந்தது லோட்டஸ் வாடிக்கையாளர்களை. அவர்களிடம் ஃபிளாப்பி ஃபிளாப்பியாகக் கோப்புகள் இருந்தன; ஒவ்வொன்றிலும் தேதிகள் எண்களாக உறைந்திருந்தன. சரியான நாட்காட்டியோடு எக்செல் அவற்றைத் திறந்தால் 1900 பிப்ரவரிக்குப் பிந்தைய தேதிகள் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். அதாவது எல்லாத் தேதிகளும். வங்கி மேலாளருக்கு கிரிகோரி நாட்காட்டியின் நியாயத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. மைக்ரோசாஃப்ட் லோட்டஸின் பிழையை வரி பிசகாமல் நகல் எடுத்தது.

விளைவு, எக்செல்லுக்குள் இரண்டு காலங்கள். விண்டோஸ் கோப்புக்கும் பழைய மெக் கோப்புக்கும் 1,462 நாள் இடைவெளி. ஒன்றிலிருந்து தேதிகளை வெட்டி இன்னொன்றில் ஒட்டிய எத்தனையோ பேருக்குப் பணியாளர்களின் வயது நான்கு வருடமும் ஒரு நாளும் கூடியோ குறைந்தோ போயிருக்கிறது. பிற்காலத்தில் மெக் எக்செல்லும் 1900க்கே மாறிவிட்டது. சரியாக இருந்தவர் தப்பாக இருந்தவருக்கு வழிவிட்டார். தப்பாக இருந்தவருக்குத்தான் வாடிக்கையாளர் அதிகம்.

1992இல் எக்செல்லுக்குள் பேசிக் மொழியைப் புகுத்தும் வேலை ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இளைஞர் கையில் இருந்தது. பேசிக்கின் தேதி எண்ணும் எக்செல்லின் தேதி எண்ணும் ஒத்துப்போகின்றன, 1900 மார்ச் 1 தொடங்கி. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களுக்கு மட்டும் ஒத்துப்போகவில்லை. காரணம் தேடியவருக்குக் கிடைத்தது வேடிக்கையான விடை. பேசிக்கை அமைத்தவர்களுக்கு அந்த லோட்டஸ் பிழை தெரியும். பிழையை நகல் எடுக்க மனமில்லை. எண்கள் ஒத்துப்போகவும் வேண்டும். ஆகவே எண்ணத் தொடங்கும் நாளையே ஒன்று முன்னால் தள்ளி, 1899 டிசம்பர் 31ஐ 1 என்று வைத்துவிட்டார்கள். பில் கேட்ஸ் அந்தத் திட்ட ஆவணத்தை ஓரக் குறிப்பெழுதிப் படித்துவிட்டு வந்து, கூட்டத்தில் அடுக்கிய கேள்விகளில் கடைசியாக இந்தத் தேதி விவகாரத்தில் கைவைத்தார் என்றும், தனக்கு விடை தெரிந்திருந்ததால் பிழைத்ததாகவும் ஸ்போல்ஸ்கி பின்னால் எழுதினார். இன்று கூகுள் ஷீட்ஸும் லிப்ரேஆஃபீஸும் கையாள்வது பேசிக்கின் தந்திரத்தைத்தான். அவற்றில் 60 பிப்ரவரி 28. 61 எல்லாருக்கும் மார்ச் 1. ஒரு வருடப் பிறப்பே அடுத்த வீட்டுக்காரர் பிழைக்காக நகர்ந்து கொடுத்திருக்கிறது.

எக்செல்லில் இதனால் என்ன நஷ்டம்? 1900இன் முதல் இரண்டு மாதங்களுக்குக் கிழமை தப்பாக வரும். ஜனவரி 1ஐ ஞாயிறு என்கிறது, அன்று திங்கள். அவ்வளவுதான். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. 1900க்கு முன் எக்செல்லுக்குத் தேதியே கிடையாது. கணித மேதை ராமானுஜன் பிறந்த 1887 டிசம்பர் 22ஐத் தட்டினால் அதை எண்ணாகவே எடுத்துக்கொள்ளாது. வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒதுக்கி வைக்கும். எண்களின் மொழியில் பேசியவரின் பிறந்த நாள், எண் இல்லையாம்.

நகல் எடுப்பதில் லோட்டஸின் நியாயத்தையும் பார்த்துவிடுவோம். விசிகால்க்கின் சாய்கோட்டு விசையை லோட்டஸ் தயங்காமல் எடுத்துக்கொண்டு, அதன்கீழ் தன் கட்டளைப் பட்டியலை அடுக்கியிருந்தது. போர்லாண்ட் நிறுவனம் தன் குவாட்ரோ விரிதாளில் லோட்டஸ் பழகியவர்களுக்காக அதே பட்டியலை வைத்தபோது, 1990இல் லோட்டஸ் வழக்குப் போட்டது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். கீழ்க் கோர்ட்டில் லோட்டஸ் வென்றது. மேல்முறையீட்டில் 1995இல் தோற்றது: கட்டளைப் பட்டியல் என்பது கருவியை இயக்கும் வழி, அதற்குப் பதிப்புரிமை இல்லை என்றார்கள். உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி விலகிக்கொள்ள, மீதி எட்டுப் பேர் 1996 ஜனவரியில் நாலுக்கு நாலு என்று பிரிந்தார்கள். அதனால் மேல்முறையீட்டுத் தீர்ப்பே நின்றது. ஜெயித்த போர்லாண்ட் குவாட்ரோவை அதற்குள் விற்றிருந்தது. தோற்ற லோட்டஸை ஐபிஎம் 350 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. இருவரும் அடித்துக்கொண்டிருந்த வீதியை எக்செல் ஏற்கெனவே பட்டா போட்டிருந்தது.

2006இல் மைக்ரோசாஃப்ட் தன் அலுவலகக் கோப்பு வடிவத்தை உலகத் தரமாக்கக் கிளம்பியது. 6,000 பக்கங்களுக்கு மேல் நீண்ட அந்த ஆவணத்துக்குள், 1900ஐ லீப் வருடமாகவே கொள்ள வேண்டும் என்ற விதியும் இருந்தது. சாக்ஸ் மிச்சம் பிடித்த சில பைட்டுகள் உலகச் சட்டமாகப் பார்த்தன. எதிர்த்தவர்கள் எடுத்துக்காட்டிய குறைகளில் இதுவும் ஒன்று. இந்தியா எதிர்த்து ஓட்டுப் போட்டது. 2008இல் ஒப்புதல் கிடைத்த பின்பும் பிரேசில், தென்னாப்பிரிக்கா, வெனிசுவேலாவோடு சேர்ந்து மேல்முறையீடு செய்தது. தள்ளுபடி. ஒரு சமரசமாக, சரியான நாட்காட்டி ஒன்றையும் தரத்தில் சேர்த்தார்கள். பொய் நாட்காட்டி பழமை இணக்கம் என்ற பெயரில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

தேதி என்றால் எக்செல்லுக்கு இருக்கும் பிரியம் இன்னொரு பக்கமும் வேலையைக் காட்டியது. மனித மரபணுக்களில் மார்ச்1, செப்ட்1 என்ற சுருக்கப் பெயர்கள் இருந்தன. விஞ்ஞானி அதைத் தட்டி முடிப்பதற்குள் எக்செல் அதை மார்ச் முதல் தேதி, செப்டம்பர் முதல் தேதி என்று மாற்றிவிடும். 2004இலேயே இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வந்தது. 2016இல் ஆஸ்திரேலியாவில் மூவர் எண்ணிப் பார்த்தபோது, எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் இறங்கி வந்தது விஞ்ஞானம். பெயர் சூட்டும் குழு 2020இல் புதிய விதிகளை வெளியிட்டது. மார்ச்1 மார்ச்எஃப்1 ஆனது, செப்ட்1 செப்டின்1 ஆனது. பெயர்களெல்லாம் மாறி மூன்று வருடம் கழித்து, 2023இல், இந்தத் தானியங்கி மாற்றத்தை அணைத்து வைக்க மைக்ரோசாஃப்ட் வசதி செய்து கொடுத்தது.

மரபணுப் பெயர்கள் மாறிய அதே 2020இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை கொரோனா முடிவுகளைப் பழைய எக்செல் கோப்பு வடிவில் ஏற்றிக்கொண்டிருந்தது. அந்த வடிவம் 65,536 வரிசைகளோடு நின்றுவிடும். அதற்கு மேல் வந்தவை சத்தமில்லாமல் கீழே விழுந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 தொற்றாளர்கள் கணக்கில் வராமல் போனார்கள். அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் போவதும் தாமதமானது. பத்து லட்சம் வரிசைகளுக்கு மேல் தாங்கும் புதிய வடிவம் வந்து அப்போது பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது.

லோட்டஸ் 1-2-3க்கு ஐபிஎம் 2014 செப்டம்பர் 30ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்தியது. 2022இல் டாவிஸ் ஆர்மண்டி என்ற கணினிப் பாதுகாப்பு நிபுணர் அதன் யூனிக்ஸ் பதிப்பைத் தேடிப் பிடித்து இன்றைய லினக்ஸில் ஓட வைத்தார். காசுக்காக இல்லை, ஆசைக்காக.

சாய்கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? இன்றைய விண்டோஸ் எக்செல்லின் அமைப்புகளுக்குள் போய், மேம்பட்டவை என்ற பகுதியை அடிவரை இழுத்துக்கொண்டு போனால் 'லோட்டஸ் இணக்கம்' என்றொரு தலைப்பு இருக்கிறது. பட்டியலைத் திறக்கும் விசை எது என்று கேட்டு ஒரு சின்னப் பெட்டி. அதில் ஏற்கெனவே சாய்கோடு போட்டிருக்கும். ஆப்பிள் 2இல் மேல் கீழ் அம்பு இல்லாத நாளில் தேர்ந்தெடுத்த விசை. வீட்டு எண்ணைச் சாய்கோட்டோடு தொடங்கித் தட்டிவிட்டு, திரை மேலே ஏன் திடீரென்று எழுத்துகள் முளைக்கின்றன என்று விழிக்கிறவர்களை இன்றும் அலுவலகங்களில் பார்க்கலாம்.

அடுத்த வாரம் வேர்ட்ஸ்டார். அம்புக்குறியே இல்லாத விசைப்பலகைக்காக இடது கையால் நகரப் பழகிய எழுத்தாளர்கள், அம்புக்குறி வந்த பிறகும் ஏன் கையை எடுக்கவில்லை என்ற கதை.

(தொடரும்)